அச்சமும் நியாயமும்



யாழ்ப்பாணத்து மாணாக்கர் சிலர் இன்று விரும்பி ஆடும் கணினி விளையாட்டுகளுள் ஒன்று 'டார்க்கஸ்ட் டஞ்சன்'. கனடா நாட்டு ரெட் ஹூக் என்னும் சிறு நிறுவனம் 2016 இல் நிறைவுசெய்து வெளியிட்டது. பாழடைந்த மாளிகையின் அடியிலே மனித அறிவுக்கு எட்டாத தீமை உறைகின்றது. அதனை எதிர்க்கும் வீரரின் மன உளைச்சலும் எண்ணாற் கணக்கிடப்படும்.

2015 இல், அது முன்னோட்டமாக விற்கப்பட்ட காலத்திலே, உளைச்சல் 200 ஐ எட்டினால் மாரடைப்பு என்னும் விதி புகுந்தது. அச்சத்தின் சுவை இதுவே எனச் சிலர் வரவேற்றனர். பட்ட பாடெல்லாம் வீணாயிற்றெனச் சிலர் வெகுண்டனர். ஆக்கியோர் விதியை நீக்கவுமில்லை, திணிக்கவுமில்லை. வேண்டாதோர் விலக்கிக்கொள்ள வழிசெய்தனர்.

வினாத்தாள் கடினமென மாணாக்கர் முறையிடும்போது, அதிபராகிய நான் இதனை நினைப்பதுண்டு. பரீட்சையிலே விதியை விலக்க இயலாது. முறையீட்டைச் செவிமடுக்க இயலும். கடுமையை அவர்கள் பொறுப்பர், நியாயமின்மையைப் பொறுக்கார்.