தப்பு யார் பக்கம்?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



'உங்க அனுபவத்தைப் பேசுங்க சார்' என்றார் செயலாளர். வெற்றிக் கதைகளை மற்றவர்கள் சொல்வார்கள். நான் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன். ஒரே ஓர் எண்ணால் வந்த தப்பு.

வேலையில் சேர்ந்த முதல் எட்டு வருஷம் எனக்கு மின்னஞ்சல் சர்வர்தான் உலகம். அங்கே எஸ்.எம்.டி.பி. என்ற நெறிமுறை. 1982-இல் ஜான் போஸ்டல் எழுதிய ஆர்.எஃப்.சி. 821-இன்படி, வந்த கட்டளையில் இலக்கணப் பிழை இருந்தால் 500 அல்லது 501 என்று பதில் சொல்ல வேண்டும். 4-இல் தொடங்கினால் 'பொறுத்து மறுபடி அனுப்பு'. 5-இல் தொடங்கினால் 'இதையே திரும்ப அனுப்பாதே'. இது எனக்கு ரத்தத்தில் ஊறிவிட்டது.

பிறகு வெப் பக்கம் மாறினேன். பால் சங்கங்களிலிருந்து உறுப்பினர் பட்டுவாடா விவரங்கள் ராத்திரியில் எங்கள் சர்வருக்கு ஒவ்வொன்றாக வரும். ஒரு நாள் ஒரு செய்தியில் தேதி பிப்ரவரி 30! பிழையான செய்திக்கு 500 என்று நான் எழுதி வைத்திருந்தேன். ஆனால் எச்.டி.டி.பி.யில் அர்த்தமே வேறு. 4 என்றால் தப்பு உன் பக்கம். 5 என்றால் என் பக்கம். எதிர்முனை புரோகிராமை எழுதிய பையன் ஒழுங்காகத்தான் எழுதியிருந்தான். 4 வந்தால் செய்தியைத் தனியே ஒதுக்கும். 5 வந்தால், சர்வருக்கு உடம்பு சரியில்லை போலிருக்கு என்று மறுபடி அனுப்பும். அரை நிமிஷத்துக்கு ஒரு முறை, விடிய விடிய அனுப்பியது. வரிசை மாறக் கூடாது என்பதால் பின்னால் இருந்தவை எல்லாம் அப்படியே நின்றன.

காலையில் சங்கத்திலிருந்து போன். பக்கத்தில் நின்ற ஓர் அம்மா ரிசீவரை வாங்கிக் கேட்டார்: "ஏன் சார், பையனுக்கு பீஸ் கட்ட இன்னிக்குத்தான் கடைசி நாள். பணம் எங்கே?" எனக்குப் பேச வாய் வரவில்லை.

அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். ஜேசனில் ஒரு அடைப்புக்குறி விட்டுப்போய் வாசிக்கவே முடியவில்லையா, 400. ஜேசன் கேட்ட இடத்தில் எக்ஸ்.எம்.எல். வந்ததா, 415. வடிவம் சரி, உள்ளே பிப்ரவரி 30 என்றால் 422. இது 1999-இல் வெப்டேவ் என்ற நீட்டிப்புக்காக வந்த எண்; 2022-இல் ஆர்.எஃப்.சி. 9110 வந்தபோதுதான் பொது எச்.டி.டி.பி.க்குள் இடம் பிடித்தது. 400-ஆ 422-ஆ என்று எங்கள் ஆபீஸில் டீ ஆறும்வரை சண்டை நடக்கும். என்னைக் கேட்டால், எதைப் போட்டாலும் குடி முழுகாது. முதல் இலக்கம் சரியா இருக்கணும்; எந்த இடத்தில் என்ன தப்பு என்று பதிலுக்குள் எழுதணும். சில பேர் 200 போட்டு, உள்ளே 'பிழை' என்று எழுதுவார்கள். போய்ச் சேர்ந்துவிட்டது என்று எதிர்முனை நிம்மதியாகத் தூங்கிவிடும். அதற்கு என் 500-ஏ தேவலை!

அன்று மதியமே மாற்றினோம். பிப்ரவரி 30 ஒதுங்கியது, மற்றதெல்லாம் கடகடவென்று போயின. அந்த அம்மாவுக்குப் பணம் மூன்று மணிக்குப் போய்ச் சேர்ந்தது. பள்ளிக்கூடக் கவுன்ட்டரை இரண்டரைக்கே மூடிவிட்டார்களாம்.