கூட்டலும் பெருக்கலும்

சப்ரகமுவைத் தோட்டங்களில், இரத்தினபுரியாயினும் கேகாலையாயினும், விடியலில் கேட்கும் ஓசைகளுள் ஒன்று லயத்து வாயிலைக் கூட்டும் ஓசை. 'கூட்டு' என்னும் எளிய சொல் எத்துணைப் பொருளைத் தாங்கி நிற்கின்றது! குப்பையை ஒன்றுசேர்ப்பதும் கூட்டல். எண்களை ஒன்றுசேர்ப்பதும் கூட்டல். அதன் இணைச் சொல்லாகிய 'பெருக்கு' வீட்டைத் துப்புரவாக்கும்; கணக்கில் தொகையை மிகுவிக்கும்.

பாத்திரத்தை விளக்குகின்றோம், பாடத்தையும் விளக்குகின்றோம். இருளை அகற்றுவது விளக்கு. அழுக்கை அகற்றுவது விளக்குமாறு. தரையை மெழுகுதல், துணியை அலசுதல், கையைக் கழுவுதல் என இடத்திற்கொரு சொல் உண்டு. கல் நீங்க அரிசியை அரிப்பர். இரத்தினபுரியிலோ, குழியில் எடுத்த சரளையைக் கூடையிலிட்டு, நீரில் அரித்து மாணிக்கம் காண்பர்.

இத்துணைச் சொற்களையும் இடமறிந்து வழங்கும் தோட்டத்து மக்களின் தமிழைக் கொச்சை என்பாரும் உளர்; கூட்டும் கையை இழிவென்று கருதுவாரும் உளர். திருவதிகைக் கோயிலில் திலகவதியார் அலகிட்டு மெழுகியதைத் திருத்தொண்டாகப் போற்றினார், 12ஆம் நூற்றாண்டுச் சேக்கிழார். கோயிலில் தொண்டாகிய செயல், லயத்திலும் பள்ளியிலும் இழிவாவது எங்ஙனம்? பிள்ளைகளுக்குக் கணக்கில் கூட்டலைக் கற்பிக்குங்கால், அச்சொல்லை நாள்தோறும் கையால் வாழ்விப்போரையும் மதிக்கக் கற்பிப்போமாக.