முதுமையும் செவியும்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

ஒலியும் இசையும் முதியோரின் நினைவாற்றலைப் பேணுமா என்பது பற்றிப் பேசப் பணித்தீர்கள். பிழைப்பின் பொருட்டு வடநாட்டில் குடியேறிய நமக்கு இது ஏட்டளவான பொருளன்று. ஊரில் தனித்திருக்க இயலாத தாய் தந்தையரை நம் காலனி வீடுகளுக்கு அழைத்து வந்திருக்கிறோம். இந்தியாவில் அறுபது வயதைக் கடந்தோருள் ஏறத்தாழ 88 லட்சம் பேர் மறதி நோயுற்றிருப்பதாக 2023-இல் வெளியான மதிப்பீடு கூறுகிறது.

முதலில் புதுமையான செய்தியைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், லீ-ஹுவே சாய் என்னும் அறிஞரின் குழுவினர், நொடிக்கு 40 முறை துடிக்கும் ஒலியை எலிகளுக்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேரமாக ஏழு நாள் கேட்பித்தனர். மூளையில் படியும் அமிலாய்டு என்னும் புரதம் குறைந்தது, நினைவும் தேறியது. இம்முடிவு 2019-இல் வெளியாயிற்று. ஆயினும் எலிக்குக் கிட்டிய நலன் மனிதருக்கும் கிட்டுமென்பது இன்னும் நிலைநாட்டப்படவில்லை. ஆதலின் ‘மூளைக்கு ஒலி மருந்து’ என்று விற்கப்படுவதைக் கண்டு மயங்க வேண்டா.

இனி, இசை. மறதி நோயாளரின் மனச்சோர்வை இசைப் பயிற்சி தணிக்கக் கூடும் என்பதற்கு ஆய்வுச் சான்று உண்டு. இழந்த நினைவை அது மீட்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. ஆனால் நெடுங்காலம் பழகிய பாடல்களின் நினைவு உறையும் மூளைப் பகுதிகளை அல்சைமர் நோய் எளிதில் சிதைப்பதில்லை என ஜெர்மனியின் லைப்சிக் நகர அறிஞர்கள் 2015-இல் எழுதினர். பேரன் பெயரை மறந்த பாட்டி, தாலாட்டை அடி பிறழாமல் பாடுவது இதனால்தான் போலும். அந்தப் பாட்டு அவர் இளமையில், அவர் மொழியில் கேட்டதாக இருத்தல் வேண்டும். இங்கே நாம் அமர்த்தும் பணிப்பெண் அதனை அறியார். நாமே பாடுதல் வேண்டும்.

மூன்றாவதே தலையாயது. மறதி நோய்க்குரிய, நம்மால் மாற்றக்கூடிய காரணங்கள் பதினான்கென ‘லான்செட்’ ஆணைக்குழு 2024-இல் வகுத்தது. அவற்றுள் ஒன்று செவிமந்தம். அமெரிக்காவில் 70 முதல் 84 வயதுடைய 977 பேரிடம் மூன்றாண்டு நிகழ்ந்த ஆய்வின் முடிவு 2023-இல் வெளியாயிற்று. செவிக்கருவி அளித்ததனால் அனைவரிடத்தும் பொதுவாக வேறுபாடு தோன்றவில்லை. எனினும் மறதிக்குரிய இடர் மிகுந்தோரிடம் அறிவுத்திறன் தேயும் வேகம் 48 விழுக்காடு குறைந்தது.

நம் வீடுகளில் நிகழ்வதென்ன? தந்தையார் கேட்டதற்கு விடை தராவிடில், ‘நினைவு தப்புகிறது’ என்கிறோம். செவியில் அடைத்த குறும்பியை மருத்துவர் அகற்றினாலே சிலருக்குப் பேச்சு விளங்கும். மேலும், மந்தச் செவியுடையார் பாதிச் சொல்லைக் கேட்டு மீதியை ஊகித்துக்கொள்வர்; தாய்மொழியில் எளிதாகும் அவ்வூகம் பிறமொழியில் அரிதாகும். தெருவெல்லாம் இந்தி, பேரக் குழந்தைகளிடம் ஆங்கிலம் என்றால், அம்முதியவர் இருமடங்கு செவிடராகிறார். பேசுவார் இன்றி ஒடுங்குகிறார்.

ஆகவே சங்கத்தார்க்கு இரு வேண்டுகோள்கள். ஆண்டுதோறும் நம் மன்றத்தில் முதியோர்க்குச் செவிச் சோதனை நடத்துங்கள். வாரம் ஒரு மாலை, முதியோர் பாட இளைஞர் உடன்பாடும் நிகழ்ச்சி ஒன்றை அமையுங்கள். கண்ணாடி அணிய நாணாத நாம் செவிக்கருவி அணியவும் நாண வேண்டா. அனைத்திற்கும் மேலாக, இன்றிரவு இல்லம் சென்றதும் பெரியவர் முகத்துக்கு நேரே அமர்ந்து, தெளிவாக, தமிழில், பத்து நிமிடம் பேசுங்கள். அதற்குப் பொருட்செலவு இல்லை.