ஆடிட்டர் போன ஊர்

வேலையை விட்டுவிட்டு மாற்றுத்திறனாளிகளுக்காக உழைக்கலாமா என்று யோசிக்கிறவர்களுக்கு இன்றைய தகவல்.

தென்காசிக்குப் பக்கத்தில் ஆய்க்குடி. 1975இல் கடற்படைத் தேர்வுக்குப் போன இடத்தில் கீழே விழுந்து, கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்தவர் எஸ். ராமகிருஷ்ணன். 1981இல் அந்த ஊரில் மாற்றுத்திறனாளிகளுக்காக அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். சென்னையில் ஆடிட்டராக இருந்த சங்கர ராமன், தொழிலை விட்டுவிட்டு அவரோடு போய்ச் சேர்ந்தார். தசைச் சிதைவு நோயால் சக்கர நாற்காலியில் இருப்பவர் சங்கர ராமன். கற்ற கணக்கு வீண்போகவில்லை. ஒரு சங்கம் வளர வரவு செலவைச் சுத்தமாக வைத்திருக்கும் ஆள் வேண்டுமே!

ஆனால் நல்ல மனசு மட்டும் போதாது, பயிற்சியும் வேண்டும். சிறப்புக் கல்வி ஆசிரியராக வேலை பார்க்க, 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். பார்வையற்றோருக்கான பிரெயில் எழுதுவதையே பாருங்கள். ஊசி போன்ற எழுத்தாணியால் வலமிருந்து இடமாகக் குத்த வேண்டும். தாளைத் திருப்பினால் புள்ளிகள் புடைத்து நிற்கும், விரல் இடமிருந்து வலமாகப் படிக்கும். ஓர் எழுத்துக்கு ஆறு புள்ளிதான் இடம். ஒரு புள்ளி தவறினாலும் எழுத்தே மாறிவிடும்.

சென்னைக் காட்டுப்பாக்கத்து நேயர்கள் இந்தப் பயிற்சிக்காகத் தொலைதூரம் போக வேண்டாம். பார்வை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்தின் மண்டல மையம் பக்கத்துப் பூந்தமல்லியிலேயே இருக்கிறது. வேலையை விடுவதற்கு முன்னால், ஒருநாள் நேரில் போய் என்னென்ன படிப்பு இருக்கிறது என்று விசாரித்துவிட்டு வாருங்கள்.