ஆச்சி சொன்ன பெயர்கள்

(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் அறிவியல் ஆசிரியர். வகுப்பில் ஒரு மாணவனிடம் நான் கற்றுக்கொண்ட ஒன்றை உங்களோடு பகிர்ந்துகொள்ள வந்திருக்கிறேன்.

ஏழாம் வகுப்பில் இருசொற் பெயரிடு முறையை நடத்திக்கொண்டிருந்தேன். ஒரே செடிக்கு ஊருக்கு ஊர் வேறு பெயர், அதனால் குழப்பம். அதைத் தீர்க்கவே 1753இல் லின்னேயஸ் தம் நூலில் தாவரங்களுக்கு இரண்டு சொற்களில் பெயர் தந்தார் என்று விளக்கினேன். மறுநாள் ஆளுக்கு இரண்டு செடி கொண்டுவரச் சொன்னேன்.

வகுப்பில் வாயே திறக்காத பையன் ஒருவன் பை நிறையக் கொண்டுவந்தான். விடுமுறை நாள்களில் ஆச்சியோடு ஆடு மேய்க்கப் போகிறவன். தும்பை, துத்தி, நாயுருவி, கீழாநெல்லி, குப்பைமேனி என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான். “எல்லாம் எங்க ஆச்சி சொல்லிக் கொடுத்தது சார்” என்றான். சிலவற்றின் அறிவியல் பெயர் எனக்குத் தெரியும். இரண்டு செடிகளுக்குத் தமிழ்ப் பெயரே தெரியவில்லை. “சார், இதுக்கு உங்க ஊர்ல என்ன பேரு?” என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை.

அடுத்து நடந்ததுதான் என்னை யோசிக்க வைத்தது. நம் மாநில மலர் எது என்று கேட்டேன். “செங்காந்தள்” என்று வகுப்பே சொன்னது. யாராவது பார்த்திருக்கிறீர்களா என்றேன். ஒரு கைகூட உயரவில்லை. அது ஐப்பசி மாதம். பள்ளி வேலியிலேயே அந்தக் கொடி பூத்து நின்றது. அழைத்துப் போய்க் காட்டினேன். “இது கண்வலிக்கிழங்குல்லா சார்!” என்றார்கள்.

அந்தப் பிள்ளைகளுக்குச் செடியும் தெரியும், பெயரும் தெரியும். இரண்டும் ஒன்றென்று மட்டும் தெரியவில்லை. தேர்வுக்கு ஒரு பெயர், வீட்டுக்கு ஒரு பெயர். இணைத்துக் காட்ட வேண்டியவன் நான்; அதை நான் செய்யவில்லை.

இதில் மதிப்பெண்ணைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. அந்தக் கிழங்கில் கோல்சிசின் என்னும் நஞ்சு இருக்கிறது. அளவறிந்து பிரித்தெடுத்தால் மருந்து. தெரியாமல் தின்றால் உயிருக்கே ஆபத்து. “அதைத் தொட்டா கை கழுவணும்னு ஆச்சி சொல்லுவா” என்றான் அந்தப் பையன். செங்காந்தள் என்று மனப்பாடம் செய்த பிள்ளைக்கு அந்த எச்சரிக்கை போய்ச் சேரவில்லை.

ஊர்ப்பெயர்களைக் குழப்பம் என்று சொல்லி ஒதுக்கினேன் அல்லவா? அவற்றுக்குள் எவ்வளவு கவனிப்பு இருக்கிறது பாருங்கள். இலைக்காம்பின் கீழே காய் வரிசையாகத் தொங்குவதால் கீழாநெல்லி. சீமைக்கருவேலம் என்றாலே வெளியிலிருந்து வந்த மரம் என்று தெரிந்துவிடும். மீன்கொத்தி என்ற பெயரில் அதன் தொழில் இருக்கிறது. வேல்ஸ் நாட்டு மக்கள் அதே பறவையை, ‘ஆற்றங்கரை நீலம்’ என்று பொருள்படும் பெயரால் தம் மொழியில் அழைக்கிறார்கள். நாம் அலகைப் பார்த்தோம். அவர்கள் நிறத்தைப் பார்த்தார்கள். ஒரு பெயர் மறைந்தால் ஒரு பார்வையும் மறைகிறது.

நம் பகுதிக்கு இது புதிதும் அல்ல. குற்றாலத்துத் தலமரம் குறும்பலா. திருக்குற்றாலக் குறவஞ்சியில் சிங்கன் பறவை பிடிக்கும் பகுதியில் எத்தனை பறவைகள் பெயர் சொல்லி வருகின்றன! காட்டுயிர் பற்றி அரை நூற்றாண்டுக் காலம் எழுதிய மா. கிருஷ்ணன், 1912இல் பிறந்தது திருநெல்வேலியில்தான்.

அதன்பின் எங்கள் வகுப்பில் ஒரு பெயரேடு தொடங்கினோம். ஐந்து கட்டங்கள்: ஊர்ப்பெயர், பாடநூல் பெயர், அறிவியல் பெயர், பார்த்த இடம், சொன்னவர். ஒரே உயிரினத்துக்கு இரண்டு பெயர் வந்தால் இரண்டையும் எழுதுவோம். கரிச்சான் என்றும் இரட்டைவால் குருவி என்றும் பிள்ளைகள் சண்டை போட்டபோதுதான், அறிவியல் பெயர் எதற்கு என்பது அவர்களுக்கே விளங்கியது. நான் பாடமாக நடத்தியபோது அது விளங்கவில்லை.

விதிகள் மூன்று. எதையும் வாயில் வைக்கக் கூடாது. வேரோடு பிடுங்கக் கூடாது, வரைந்தால் போதும். பெரியவர் துணையின்றி ஓடைப்பக்கமோ மலைப்பக்கமோ போகக் கூடாது. பள்ளி வளாகமும் வீட்டுக்கு வரும் வழியுமே ஓராண்டுக்குப் போதும்.

‘சொன்னவர்’ கட்டத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். பெற்றோர் கூட்டத்துக்கு அந்தப் பையனின் ஆச்சி வந்திருந்தார். கைநாட்டு வைப்பவர். பெயரேட்டைத் திறந்து, அவர் பெயர் இருந்த இடங்களையெல்லாம் பிள்ளைகள் விரலால் தொட்டுக் காட்டினார்கள். அவர் சிரித்துக்கொண்டே, “இதெல்லாமா பாடம்?” என்று கேட்டார்.

“ஆமா ஆச்சி, பாடம்தான்” என்று பேரன் சொன்னான். வகுப்பில் வாய் திறக்காதவன், அத்தனை பேர் முன்னால் சத்தமாகச் சொன்னான்.

நாளை உங்கள் பள்ளி வேலியோரம் பிள்ளைகளோடு ஒருமுறை நடந்து பாருங்கள். பத்துச் செடிகளைக் காட்டிப் பெயர் கேளுங்கள். உங்களுக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். யாராவது ஒரு பிள்ளை சொல்லித் தரும்.