புறங்கையை நக்காத மாதர்



போர்க்களத்தில் வீரர் படும் பாட்டை உலகம் பாராட்டும். அடுப்பங்கரையிலிருந்து தேசத்தைத் தாங்கிய ஸ்திரீகளின் பிரயாசையைப் பலர் அறியார். பிரிட்டன் தேசத்துக் கிராம மாதர் சங்கங்களின் சரித்திரம் இதற்குத் தக்க திருஷ்டாந்தமாகும்.

1897-ம் வருஷம் கானடாவில் தோன்றிய இவ்வியக்கம், 1915-ல் வேல்ஸ் நாட்டுக் கிராமம் ஒன்றில் வேரூன்றிப் பிரிட்டனில் பரவலாயிற்று. அங்கத்தினர் மாதந்தோறும் கூடினர். காரியக் கமிட்டியைத் தாங்களே தெரிந்தெடுத்தனர். கணக்கெழுதவும், கைத்தொழில் செய்யவும் பயின்றனர்.

1939 செப்டம்பரில் யுத்தம் மூண்டது. ஆகாய விமானத் தாக்குதலுக்கு அஞ்சிச் சில தினங்களுக்குள் சுமார் 15 லக்ஷம் பேர் நகரங்களினின்று அப்புறப்படுத்தப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் சிறுவர். அயலார் குழந்தைகளுக்கும் சோறிட்டுத் துணி துவைக்கும் பாரம் கிராமத்து மாதர்மீது விழுந்தது. 1940 ஜனவரியில் வெண்ணெயும் சர்க்கரையும் பங்கீட்டுக்குள்ளாயின. தோட்டங்களில் பழங்கள் கனிந்து உதிர்ந்தன. அவற்றை ஜாம் என்னும் பழப்பாகாக்கச் சர்க்கரை போதவில்லை.

மாதர் சங்கங்களின் சம்மேளனம் சர்க்காரை அணுகிச் சர்க்கரை பெற்றது. பொது மண்டபங்களிலும், பள்ளிக்கூடங்களிலும், வீட்டுச் சமையலறைகளிலும் பாகு காய்ச்சும் நிலையங்கள் ஏற்பட்டன. பழம் பொறுக்குதல், நறுக்குதல், கிளறுதல், ஜாடிகளில் அடைத்தல் ஆகிய யாவும் பெரும்பாலும் ஊதியமின்றியே நடைபெற்றன. டப்பிகளில் அடைக்கும் இயந்திரங்கள் அமெரிக்காவிலிருந்து நன்கொடையாக வந்தன. 1940 முதல் 1945 வரை 5,300 டன்னுக்கு மேற்பட்ட பழம் அழியாமல் காக்கப்பட்டது.

இதனினும் பெரிய விஷயம் ஒன்றுண்டு. 1941 மார்ச்சு மாதத்தில் பழப்பாகும் பங்கீட்டில் சேர்ந்தது. அது முதல் நிலையத்துப் பாகு கடைகளுக்கே சென்றது. காய்ச்சியவள் தன் வீட்டுக்கென ஒரு ஜாடியும் எடுத்துச் செல்லலாகாது. பிறரைப்போலப் பங்கீட்டு அளவே பெற வேண்டும். 'தேனெடுத்தவன் புறங்கையை நக்காமலிருப்பானா?' என்பது நம் நாட்டுப் பழமொழி. வீட்டில் குழந்தைகள் இனிப்புக்கு ஏங்கியிருக்க, அத்தேனைப் பிறருக்கென ஒப்புவித்தல் எளிய காரியமன்று. இதனால் சிலருக்கு மனக்குறையும் உண்டாயிற்று. எனினும் வேலை நிற்கவில்லை.

இவ்வொழுங்கு ஒரே நாளில் வந்ததன்று. கால் நூற்றாண்டு பயின்ற ஒற்றுமையே நெருக்கடியில் உதவிற்று. வெள்ளம் வருமுன் அணைகோலுதல் என்பது இதுவே. சங்கத்தின் பணமாயினும் தானியமாயினும், அதைக் கையாளுகிறவரும் மற்றோரைப்போல் ஒரு பங்கினரே. இந்நினைவு அங்கத்தினர் உள்ளத்தில் நிலைக்குமாயின், எந்தப் பஞ்சமும் எந்தப் போரும் அச்சங்கத்தை அசைக்க மாட்டா.