எழுத்தும் கூலியும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் நிகழ்த்திய உரை)



ஒரு கூரைக் கொட்டகையில் இரவுப் பள்ளியாகத் தொடங்கிய நம் கல்விச் சங்கம் இன்று வெள்ளி விழாக் காண்கிறது. அக்கொட்டகையில் எழுத்துக் கூட்டிப் படித்தவர்களுள் நாங்கள் சிலர், இன்று எழுத்தினாலும் ஓரளவு பொருள் ஈட்டி வருகிறோம். அவ்வழியை இளைஞர்களுக்கு எடுத்துக் கூறுமாறு விழாக் குழுவினர் பணித்தனர். எழுத்தின் பெருமையைப் பேசுவோர் பலர் உளர். ஆதலின் நாம் எழுத்தின் கூலியைப் பற்றியே பேச விரும்புகிறோம்.

வீட்டுமனைப் பட்டா வேண்டி நம் பெற்றோர் தாலுகா அலுவலகத்துக்கு நடந்த நாள்களை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். அலுவலக வாயிலில், மரத்தடியில், மனு எழுதுவோர் அமர்ந்திருப்பர். ஒரு மனுவுக்கு இவ்வளவு என்று முதலிலேயே சொல்லிவிடுவர். அத்தொகை கைக்கு வந்த பின்னரே பேனாவின் மூடி திறக்கும். நாற்று நட்ட கூலியிலிருந்து நம் தாய்மார்கள் அதனைக் கொடுத்தனர். எழுத்துக்கு விலை உண்டு என்பதை நம் குடும்பங்கள் விலை கொடுத்தே அறிந்துள்ளன. ஆயினும் அதே எழுத்து நம் கைக்கு வந்தபின், அதற்கு விலை கேட்க நமக்கு நா எழுவதில்லை. "நம் பெயர் அச்சில் வந்ததே போதும்" என்று அமைந்துவிடுகிறோம். இவ்வமைதி எங்கிருந்து வந்தது?

கூலியின்றி வாங்கப்படும் வேலைக்கு வெட்டி என்று பெயர். சோழர் காலக் கல்வெட்டுகளிலேயே இச்சொல் உண்டு. இன்றைய பேச்சுவழக்கில் "வெட்டிப் பேச்சு", "வெட்டி ஆள்" என்றால் பயனற்றது, பயனற்றவர் என்று பொருள். கூலி கொடுக்கப்படாத உழைப்பின் பெயரே, மதிப்பில்லாத ஒன்றின் பெயராக மாறிவிட்டது. நம் முன்னோரின் உழைப்புக்கு நேர்ந்ததும் அதுவேயாகும். அரசியல் சட்டத்தின் 23-ஆம் பிரிவு கட்டாய உழைப்பைத் தடை செய்தது. 1976-ஆம் ஆண்டுச் சட்டம் கொத்தடிமை முறையை ஒழித்தது. சட்டம் விலக்கிய வெட்டியை, "வாய்ப்பு" என்ற பெயரால் நாமே மீண்டும் தோளில் ஏற்றிக்கொள்ளலாகாது.

நம் முன்னோடிகள் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். பண்டிதர் அயோத்திதாசர் 1907 ஜூன் 19 அன்று சென்னை இராயப்பேட்டையிலிருந்து தொடங்கிய வார இதழின் பெயர் என்ன? "ஒரு பைசாத் தமிழன்" என்பதன்றோ? ஏழையும் வாங்கத்தக்க விலை அது. எனினும் விலை விலையே. அதனை இதழின் பெயரிலேயே அவர் பொறித்தார். டாக்டர் அம்பேத்கர் 1920 ஜனவரி 31 அன்று "மூக்நாயக்" இதழைத் தொடங்குவதற்குக் கோல்ஹாப்பூர் சாகு மகாராஜா பொருளுதவி செய்தார். 1927-இல் அவர் தொடங்கிய "பகிஷ்கிருத பாரத்", பொருள் நெருக்கடியால் 1929-இல் நின்றது. கருத்துக்குப் பஞ்சம் இல்லை, எழுதும் கைக்கும் பஞ்சம் இல்லை, பணத்துக்கே பஞ்சம். எழுத்தும் பணமும் தொடர்பற்றவை என்று எண்ணுவோர்க்கு இவ்வரலாறே விடை கூறும்.

"அவ்வாறாயின் இம்மலருக்கு எழுதுவோரும் கூலி கேட்பரோ?" என்று ஒருவர் வினவலாம். கேட்க மாட்டோம். கொடை வேறு, வெட்டி வேறு. நம் சங்கத்துக்கும், நம் தெருவின் மனுவுக்கும், நம் பிள்ளைகளின் பாடத்துக்கும் அறிந்தே, மகிழ்ந்தே எழுதிக் கொடுப்பது கொடை. எழுத்தை விற்று இலாபம் ஈட்டும் நிறுவனம் அதனை விலையின்றி வாங்கிக்கொள்வது வெட்டி. இவ்விரண்டையும் பிரித்தறிவதே எழுத்துத் தொழிலின் முதற் பாடம் என்போம்.

இனி நடைமுறைக்கு வருவோம்.

முதலாவதாக, இருக்கும் வேலையை விட்டுவிட்டு எழுத்தில் இறங்குதல் வேண்டா. அயோத்திதாசர் சித்த மருத்துவர். நாவலாசிரியர் பூமணி கூட்டுறவுத் துறையில் பணியாற்றினார். "கருக்கு" நூலை 1992-இல் வெளியிட்ட பாமாவும், "கோவேறு கழுதைகள்" நாவலை 1994-இல் தந்த இமையமும் பள்ளி ஆசிரியர்களாகப் பணியாற்றியவர்கள். தமிழில் கதையும் கட்டுரையும் எழுதி மட்டுமே குடும்பம் நடத்துவோர் மிகச் சிலரே. வீட்டில் அரிசிக்குப் பணம் இருந்தால்தான், குறைந்த கூலி கூறுபவரிடம் "இயலாது" என்று சொல்லும் துணிவு வரும். ஆதலின் நாளுக்கு ஒரு மணி நேரம் என்று தொடங்குங்கள். எழுத்தின் வருவாய் ஓராண்டுக் காலம் தவறாது வரக் கண்ட பின்னரே மேற்கொண்டு எண்ணலாம்.

இரண்டாவதாக, எதைப் பற்றி எழுதுவது? எங்கள் அனுபவம் ஒன்றைக் கூறுகிறோம். எங்கள் ஊர் ஏரியின் மடைகளைத் திறந்து மூடுவோர் நம் தெருவினர். எந்த வயலுக்கு எத்தனை நாழிகை நீர் என்பதை நட்சத்திரம் பார்த்தே கூறுவர். அவர்களைப் பற்றி எழுதி ஓர் இதழுக்கு அனுப்பினோம். "உங்கள் சமூகத்தின் துயரத்தை எழுதி அனுப்புங்கள், அதுவே எங்களுக்கு வேண்டும்" என்று திருப்பி அனுப்பிவிட்டனர். துயரம் உண்மையே, அதனை எழுதும் உரிமையும் நமக்கே உரியது. ஆனால் நம்மிடம் துயரம் ஒன்றே உள்ளது என்று பிறர் முடிவு செய்தலை நாம் ஏற்கலாகாது. அக்கட்டுரையை ஒரு வேளாண்மை இதழுக்கு அனுப்பினோம். அவர்கள் வெளியிட்டு, 150 ரூபாய் பணவிடையும் அனுப்பினர். டாக்டர் அம்பேத்கர் சாதியைப் பற்றி மட்டுமா எழுதினார்? 1923-இல் இலண்டனில் வெளிவந்த அவருடைய நூல் ரூபாயின் சிக்கலைப் பற்றியதாகும். தோல் பதனிடுதல், பறை இசை, செங்கல் சூளை, மருத்துவமனைப் பணி, கால்பந்து, வங்கிக் கடன் என நீங்கள் அருகிருந்து அறிந்தவை எவையோ, அவையே உங்கள் முதலீடு.

மூன்றாவதாக, கூலி கிடைக்கும் இடங்கள். கதை, கவிதைகளுக்குக் கிடைப்பது சிறிதே. கட்டுரைக்குச் சற்றுக் கூடுதல். வானொலி உரைக்கு ஒப்பந்தத் தாள் அனுப்பித் தொகை தருவர். இவற்றினும் தொடர்ந்த வருவாய் தருவது வெளியில் பெயர் தெரியாத பணிகளேயாம். ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்த்தல், அச்சுக்கு முன் மெய்ப்புத் திருத்தல், ஒலிப்பதிவைக் கேட்டு எழுத்தாக்குதல், ஆவணப் படங்களுக்கு உரை எழுதுதல், திரையின் அடியில் ஓடும் வசன வரிகளைத் தமிழாக்குதல் ஆகியவை அவை. கணினியே மொழிபெயர்க்கும் காலம் இது. வெறும் சொல்லுக்குச் சொல் மாற்றுவோரின் கூலி குறைந்து வருகிறது. ஆதலின் ஒரு துறையைத் தேர்ந்து அதன் சொற்களைக் கற்றுக்கொள்ளுங்கள். சட்டம் அறிந்த மொழிபெயர்ப்பாளருக்கும் மருத்துவம் அறிந்த மொழிபெயர்ப்பாளருக்கும் இன்றும் வேலை உண்டு.

நான்காவதாக, அனுப்பும் முறை. ஓர் இதழுக்கு எழுதுமுன் அதன் மூன்று இதழ்களையேனும் முழுமையாகப் படியுங்கள். அவர்கள் வெளியிடும் கட்டுரையின் நீளத்தை எண்ணிப் பாருங்கள். தீபாவளி மலருக்குரியதைத் தீபாவளிக்குச் சில மாதங்கள் முன்னரே அனுப்புங்கள். ஒரே கட்டுரையை ஒரே நேரத்தில் இருவருக்கு அனுப்பாதீர்கள். படி ஒன்றைக் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள். மொழிபெயர்ப்புப் பணிக்கு மாதிரி கேட்டால் ஒரு பக்கம் செய்து கொடுக்கலாம். "மாதிரி" என்று ஓர் அத்தியாயம் கேட்பவரிடம் அதற்குரிய கூலியைக் கேளுங்கள்.

ஐந்தாவதாக, எவ்வளவு கேட்பது? நம் பெற்றோர் அறிந்த கணக்கையே கொள்வோம். உங்கள் ஊரில் ஒரு நாள் கூலி 500 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கட்டுரைக்குச் செய்தி திரட்ட ஒரு நாள், எழுத ஒரு நாள், திருத்த ஒரு நாள் ஆயின், அதற்கு உரியது 1500 ரூபாய். பேருந்துக் கட்டணம் தனி. எல்லா இதழும் இதைத் தராது என்பதை அறிவோம். எனினும் இக்கணக்கு மனத்தில் இருந்தால், எவ்வளவு இழக்கிறோம் என்பதை அறிந்தே இழப்போம். தொகையை வேலைக்கு முன்னர்க் கேளுங்கள். "இக்கட்டுரைக்கு ஊதியம் எவ்வளவு, எப்பொழுது கிடைக்கும் என்பதை அன்புகூர்ந்து தெரிவியுங்கள்" என்ற ஒரு வரி போதும். இதில் பணிவும் உண்டு, உரிமையும் உண்டு.

ஆறாவது செய்தி, நாங்கள் பட்டுத் தெளிந்தது. அறுபது பக்கச் சிறுநூல் ஒன்றை, தெரிந்தவர் கேட்டார் என்று, வாய்ச்சொல்லை நம்பி மொழிபெயர்த்துக் கொடுத்தோம். நூல் வெளிவந்தது, விற்கவும் செய்தது. எங்கள் பெயரும் இல்லை, பணமும் இல்லை. கேட்டபொழுது, "உங்களுக்குப் பயிற்சி கிடைத்ததல்லவா?" என்றனர். இரண்டு மாத இரவுகளுக்கு அதுவே விடை. காட்டுவதற்கு எங்களிடம் ஒரு துண்டுத் தாளும் இல்லை. அன்றுதான் சட்டத்தைத் தேடிப் படித்தோம்.

1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, எழுதியவரே அவ்வெழுத்தின் முதல் உரிமையாளர். சம்பளத்துக்குப் பணியாற்றுவோர் அப்பணியின் பகுதியாக எழுதுவது இதற்கு விலக்கு. உரிமையைப் பெறப் பதிவு செய்தல் கட்டாயம் அன்று; எழுதி முடித்தவுடன் உரிமை பிறந்துவிடுகிறது. எழுதியவர் வாழ்நாள் முழுதும், அவருக்குப் பின் 60 ஆண்டுகளும் அது நீடிக்கும். நம் பிள்ளைகளுக்கு விட்டுச் செல்லத்தக்க சொத்து அது. உரிமையைப் பிறருக்கு மாற்றிக் கொடுப்பதாயின், எழுத்து வடிவில், நம் கையொப்பத்துடன் இருத்தல் வேண்டும்; வாய்ச்சொல் செல்லாது. அத்தாளில் காலம் குறிக்கப்படாவிடில் ஐந்து ஆண்டு என்றும், இடம் குறிக்கப்படாவிடில் இந்தியாவுக்கு மட்டும் என்றும் சட்டம் கொள்ளும். "எல்லா உரிமைகளும் என்றென்றைக்கும்" என்று அச்சிட்டு வரும் தாளில் கண்ணை மூடிக் கையொப்பம் இடாதீர்கள். கைநாட்டு வைத்து நிலத்தை இழந்தோரின் பேரப்பிள்ளைகள் நாம். படித்துப் பார்த்துக் கையொப்பம் இடத்தானே இச்சங்கம் நமக்குக் கல்வி தந்தது?

பிறர் நூலை மொழிபெயர்க்குமுன் உரிமையாளரின் இசைவு உண்டா என்று கேட்டறிவது நம் கடமை. நம் உரிமையைக் காப்போர் பிறர் உரிமையையும் மதித்தல் வேண்டும்.

ஏமாற்றுவோரைப் பற்றியும் ஒரு சொல். வீட்டிலிருந்தே தட்டச்சு செய்து பல்லாயிரம் ஈட்டலாம் என்று கூறி, முதலில் வைப்புத்தொகையோ பதிவுக் கட்டணமோ கேட்பவர் வேலை தருபவர் அல்லர். நூலை வெளியிட நம்மிடமே பணம் கேட்பவர், நம் எழுத்தை விற்கப் போகிறவரும் அல்லர்; நமக்கு அச்சுக் கூலியை விற்பவர். பணம் வேலை தருபவரிடமிருந்து நம்மிடம் வர வேண்டுமேயன்றி, நம்மிடமிருந்து போகலாகாது.

இறுதியாக, ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். அனுப்பிய நாள், அனுப்பிய இடம், பேசிய தொகை, வெளிவந்த நாள், பணம் வந்த நாள் என ஐந்து கட்டங்கள் போதும். வெளிவந்து ஒரு மாதம் ஆகியும் பணம் வராவிடில், நினைவூட்டு மடல் எழுதுங்கள். வெட்கம் வேண்டா. அறுவடை முடிந்து களத்து மேட்டில் கூலி நெல்லுக்கு நின்ற நம் பாட்டிமார் அளவு மரக்காலை உற்றுப் பார்த்தே நின்றனர். அவர்கள் கேட்டது பிச்சை அன்று. நாம் கேட்பதும் அன்று.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோளை முன்வைக்கிறோம். நம் படிப்பகத்தில் மாதம் ஒரு மாலை, எழுதும் இளைஞர்கள் கூடட்டும். ஒருவர் எழுத்தை மற்றவர் திருத்தட்டும். ஒப்பந்தத் தாள் வந்தால், கையொப்பம் இடுமுன் ஒருவருக்கொருவர் படித்துக் காட்டட்டும். எவர் கூலி கொடுத்தார், எவர் கொடுக்கவில்லை என்ற கணக்கும் அங்கே இருக்கட்டும். தனியே நின்று கேட்பவரின் குரலினும் சேர்ந்து கேட்போர் குரலுக்கு வலிமை மிகுதி.

தாலுகா அலுவலக மரத்தடியில் நம் தாய் காசை எண்ணிக் கொடுத்த காட்சியோடு தொடங்கினோம். இன்று நம் தெருவில் ஒரு தாய்க்கு மனு வேண்டுமாயின், அவள் மகளே எழுதிக் கொடுப்பாள். காசு வாங்க மாட்டாள். அதே மகள் மறுநாள் ஒரு நிறுவனத்துக்கு எழுதும்பொழுது, தன் கூலியை முதலிலேயே சொல்லட்டும். இரண்டையும் அவள் தலைநிமிர்ந்து செய்வாளாயின், இந்த இருபத்தைந்து ஆண்டு உழைப்பு வெட்டியாகவில்லை என்று நாம் மகிழலாம்.